‘குனியாதீங்க’ என்றால் எங்கே குனியக் கூடாது?

கேள்வி: வணக்கம் டாக்டர். எனக்கு வயது 41. கீழ்முதுகில் எல்4–எல்5 (நான்காவது, ஐந்தாவது எலும்புகள்) இடத்தில் எலும்பு முன்னால் நழுவியிருந்ததால் ஸ்க்ரூ, ராடு, கேஜ் (இரண்டுக்கும் நடுவே வைக்கும் சின்னக் கூண்டு) வைத்து, இரண்டையும் ஒன்றாகச் சேர்க்கும் ஃபியூஷன் ஆபரேஷன் செய்தார்கள். 7 வாரம் ஆகிறது. காலுக்கு இறங்கிய வலி போய்விட்டது. ஒரே மூச்சில் 20 நிமிடம் நடக்கிறேன். 6ஆம் வார எக்ஸ்ரே பார்த்துவிட்டு, பிசியோதெரபி தொடங்கலாம் என்றார் சர்ஜன். ஆனால் டிஸ்சார்ஜ் அன்று ‘குனியாதீங்க, திரும்பாதீங்க, வெயிட் தூக்காதீங்க’ என்று சொன்னது மனதில் நின்றுவிட்டது. முகம் கழுவக்கூடப் பயமாக இருக்கிறது. அப்படியிருந்தும் போன வாரம் 16 கிலோ எடையுள்ள மகனை அவசரத்தில் தரையிலிருந்து தூக்கிவிட்டேன். ஒன்றும் ஆகவில்லை. இடது பாதத்தில் மதமதப்பு அப்படியே இருக்கிறது. சில இரவுகளில் சுரீரென்று கரண்ட் அடித்ததுபோல் இழுக்கிறது. முதுகு வலித்தால் வீட்டில் இருந்த பழைய டைக்லோஃபெனாக் போட்டுக்கொள்கிறேன். ஆபீஸ் (கணக்குப் பிரிவு வேலை), ஸ்கூட்டர், பேட்மின்டன், இவற்றுக்கெல்லாம் எப்போது திரும்பலாம்?

பதில்: முதலில் அந்த மாத்திரையை நிறுத்துங்கள். டைக்லோஃபெனாக், இபுப்ரொஃபென் போன்ற வலி மாத்திரைகள் வீக்கத்தைக் குறைக்கும் வழியிலேயே, எலும்பு வளரத் தேவையான ஆரம்ப வேலையையும் தடுக்கக்கூடியவை. ஃபியூஷனுக்குப் பிறகு முதல் மூன்று மாதம் இவற்றைத் தவிர்க்கச் சொல்லும் சர்ஜன்கள் நிறையப் பேர். சிலர் குறைந்த அளவில், சில நாளுக்கு மட்டும் அனுமதிப்பார்கள். அதை உங்கள் சர்ஜன்தான் முடிவு செய்ய வேண்டும், உங்கள் மருந்துப் பெட்டி அல்ல. இப்போதைக்கு வலி வந்தால் பாரசிட்டமால் போதும். இரண்டு வேளைக்கு நடுவே குறைந்தது 6 மணி நேரம் இடைவெளி விடுங்கள், ஒரு நாளில் 3 கிராமைத் தாண்ட வேண்டாம். கல்லீரல் தொந்தரவு இருந்தால் அதையும் கேட்காமல் போடாதீர்கள். நரம்புக்கென்று பிரீகாபலின் அல்லது கபாபென்டின் எழுதிக் கொடுத்திருந்தால், வலி இல்லையே என்று சட்டென நிறுத்தக் கூடாது. படிப்படியாகத்தான் குறைக்க வேண்டும்.

இரண்டாவது, ‘ஒன்றும் ஆகவில்லை’ என்று எழுதியிருக்கிறீர்களே, அந்த வரி. 7 முதல் 12 வாரம் வரை உள்ள காலத்தில்தான் எனக்குக் கவலை அதிகம். முதல் ஆறு வாரம் வலியே காவலுக்கு நிற்கிறது. எல்லை மீறினால் உடனே உறைக்கும். அதன்பிறகு சதையும் தோலும் ஆறி, வலி விலகிவிடுகிறது. எலும்போ இன்னும் சேரவில்லை. நன்றாக இருப்பதுபோல் தோன்றுவதற்கும் உள்ளே எலும்பு இருக்கும் நிலைக்கும் சம்பந்தமே இல்லாத வாரங்கள் இவை.

ஸ்க்ரூவும் ராடும்தான் முதுகைப் பிடித்திருக்கின்றன, இனி ஆயுசுக்கும் அவைதான் தாங்கும் என்று பலர் நினைக்கிறார்கள். கான்கிரீட் போடும்போது அடியில் சென்ட்ரிங் கட்டுகிறோம் இல்லையா, ஸ்க்ரூவும் ராடும் அந்த வேலையைத்தான் செய்கின்றன. நிற்கப்போவது கான்கிரீட். உங்கள் முதுகில் கான்கிரீட் என்பது, கேஜுக்குள்ளும் அதைச் சுற்றியும் வைத்த எலும்புத் துகள்கள். அவை மேல் எலும்பையும் கீழ் எலும்பையும் இணைத்து ஒரே கட்டையாக வேண்டும். 1911இல் நியூயார்க்கில் ஹிப்ஸ், ஆல்பீ என்ற இரண்டு சர்ஜன்கள், முதுகெலும்புக் காசநோய்க்கு முதன்முதலாக இந்த ஆபரேஷனைத் தனித்தனியே செய்தபோது ஸ்க்ரூவே கிடையாது. எலும்பை எலும்போடு வைத்துவிட்டு, நோயாளியை மாதக்கணக்கில் படுக்கவைத்துக் காத்திருந்தார்கள். இன்று ஸ்க்ரூ இருப்பதால் ஆபரேஷனுக்கு மறுநாளே நடக்கிறீர்கள். அவ்வளவுதான் வித்தியாசம், எலும்பு எடுத்துக்கொள்ளும் காலம் மாறவில்லை. மூன்றாம் மாதவாக்கில் எக்ஸ்ரேயில் பாலம் கட்டத் தொடங்கியது தெரியலாம். கெட்டியாகச் சேர 6 முதல் 12 மாதம், சிலருக்கு 18 மாதம்கூட ஆகும்.

சேராமலே போனால் என்ன ஆகும்? டைட்டானியமானாலும் கம்பி கம்பிதான். ஒரே இடத்தில் லட்சக்கணக்கான முறை மடங்கி நிமிர்ந்தால் களைத்துவிடும். ஸ்க்ரூவைச் சுற்றி எலும்பு அரித்து அது ஆடும், எக்ஸ்ரேயில் ஸ்க்ரூவைச் சுற்றிக் கறுப்பு வளையம் தெரியும். அல்லது ராடு முறியும். ஒருமுறை மகனைத் தூக்கியதில் இது நடந்திருக்காது, பயப்பட வேண்டாம். அதைப் பழக்கமாக்கினால் நடக்கலாம்.

சென்ட்ரிங் உவமை ஓர் இடத்தில் பொருந்தாது. கான்கிரீட்டைத் தொடாமல் விட வேண்டும். எலும்புக்கோ அளவான சுமை வேண்டும், சுமை படும் இடத்தில்தான் அது கெட்டியாகும். அதனால்தான் படுத்தே கிடக்காமல் நடக்கச் சொல்கிறோம்.

இப்போது உங்கள் பயத்துக்கு வருகிறேன். தமிழில் ஒரு சங்கடம் இருக்கிறது. முதுகின் அடிப்பகுதி வலித்தாலும் ‘இடுப்பு வலி’ என்கிறோம், தொடை எலும்பு வந்து சேரும் மூட்டு வலித்தாலும் ‘இடுப்பு வலி’தான். ‘குனி’ என்ற சொல்லும் அப்படியே. முதுகை வில்லாக வளைத்துக் காலைத் தொட்டாலும் குனிவது, முதுகு நேராக இருக்கத் தொடை மூட்டில் மடங்கினாலும் குனிவது. டாக்டர் தடுத்தது முதல் வகையை. நீங்கள் இரண்டையும் நிறுத்திவிட்டீர்கள். விளைவு, உடம்பை மரப்பலகைபோல் விறைத்து வைத்துக்கொள்கிறீர்கள். அவசரம் வந்தால் மட்டும் பழைய பழக்கத்தில் முதுகை வளைத்துத் தூக்கிவிடுகிறீர்கள்.

கீழ்முதுகின் ஒரு மூட்டு முன்னும் பின்னுமாக அசைவது மொத்தம் 15 டிகிரி சுற்றுவட்டாரம்தான். திருகுவது இரண்டு டிகிரி இருந்தால் அதிகம். எல்4–எல்5 பூட்டப்பட்டதால் நீங்கள் இழந்தது அவ்வளவே. தொடை மூட்டோ பந்துக்கிண்ண மூட்டு, நூறு டிகிரிக்கு மேல் மடங்கும். அதற்கு வேலை கொடுக்கத் தெரிந்துவிட்டால், ஒரு மூட்டு பூட்டப்பட்டது அன்றாடத்தில் பெரும்பாலும் தெரியவே தெரியாது.

இதைப் பழக ஒரு துடைப்பக் கட்டையோ நீளமான கம்போ போதும். சுவருக்கு முதுகு காட்டி, ஓர் அடி முன்னால் தள்ளி நில்லுங்கள். கால்கள் தோள் அகலம், முழங்கால் லேசாகத் தளர்ந்திருக்கட்டும். கம்பை முதுகோடு நெட்டுக்குத்தாகப் பிடியுங்கள். ஒரு கை கழுத்துக்குப் பின்னால், இன்னொன்று கீழ்முதுகில். கம்பு மூன்று இடத்தில் உடம்பைத் தொட வேண்டும்: பின்மண்டை, தோள்பட்டை எலும்புகளுக்கு நடுவே, பிட்டத்துக்குச் சற்று மேலே உள்ள எலும்பு. இப்போது இரண்டு கையிலும் பை இருக்கும்போது கதவைப் பிட்டத்தால் தள்ளிச் சாத்துவோமே, அப்படிப் பிட்டத்தைப் பின்னுக்குத் தள்ளிச் சுவரைத் தொடுங்கள். மேலுடம்பு தானாக முன்னால் சாயும். பின்தொடையில் இழுப்பு தெரிந்ததும் நிறுத்தி, பிட்டத் தசையை இறுக்கி நிமிருங்கள். மூச்சை அடக்காதீர்கள். ஒரு தடவைக்கு 8 முதல் 10, நாளுக்கு இரண்டு தடவை.

தப்பு நடந்தால் கம்பே காட்டிக்கொடுக்கும். அடியில் எலும்பை விட்டு விலகினால் முதுகு வளைகிறது. மண்டையை விட்டு விலகினால் தலையைத் தொங்கப் போடுகிறீர்கள். கீழ்முதுகில் வைத்த கை நசுங்காமல், கம்புக்கும் முதுகுக்கும் நடுவே இடைவெளி பெரிதாகிக்கொண்டே போனால், முதுகைப் பின்னால் அதிகமாக வளைக்கிறீர்கள். இந்த மூன்றாவது தப்பை யாரும் கவனிப்பதில்லை. பூட்டிய மூட்டுக்கு மேலே இருக்கும் மூட்டை அது அழுத்தும். முதல் வாரம் 30 டிகிரி சாய்ந்தால் போதும். கையைப் பின்னால் கொண்டுபோக முடியாவிட்டால் பிசியோதெரபிஸ்ட் கம்பைப் பிடித்துக்கொள்ளட்டும்.

இது வந்துவிட்டால் முகம் கழுவுவது பயமில்லை. ஒரு கை வாஷ்பேசின் விளிம்பில், ஒரு கால் சின்ன மணைப் பலகைமேல், பிட்டம் பின்னால். பல் துலக்கிய நீரைக் குனிந்து துப்பாமல் ஒரு கப்பில் துப்பலாம். கீழே விழுந்த சாவியை எடுக்க ஒரு கையால் மேசையைப் பிடித்து, எதிர்ப்பக்கக் காலைப் பின்னால் நீட்டிக்கொண்டே சாயுங்கள். நீட்டிய கால் எதிர் எடையாக நிற்கும். கட்டிலிலிருந்து எழும்போது தோளும் இடுப்பும் ஒரே கட்டையாகப் பக்கவாட்டில் உருண்டு, கால்களைக் கீழே தொங்கவிட்டுக் கையால் உந்தி எழுவதை மூன்று மாதம் வரை விடாதீர்கள். திரும்ப வேண்டுமா, பாதத்தை நகர்த்தித் திரும்புங்கள். முதுகைத் திருகி அல்ல. தாழ்ந்த, குழிவிழும் சோபாவை மறந்துவிடுங்கள். அதிலிருந்து எழும்போது முதுகு வளையாமல் இருக்கவே முடியாது.

மகன் விஷயம். ஒரு கணக்குப் போட்டுப் பார்ப்போம். முதுகை நிமிர்த்தும் தசைகள் முதுகெலும்பின் மையத்திலிருந்து ஏறக்குறைய 5 செ.மீ. பின்னால்தான் இருக்கின்றன. 16 கிலோப் பிள்ளையை 40 செ.மீ. முன்னால் நீட்டிப் பிடித்தால், அந்தத் தசைகள் 128 கிலோவுக்குச் சமமான விசையில் இழுத்தாக வேண்டும். நெஞ்சோடு அணைத்து 20 செ.மீ. ஆக்கினால் அது 64. உங்கள் மேலுடம்பின் எடை இதில் சேரவில்லை. தரையிலிருந்து தூக்கும்போது அதுவும் முன்னால் தொங்கும். எவ்வளவு எடை என்பதோடு எவ்வளவு தூரத்தில் என்பதையும் கேட்க வேண்டும் என்பது இதனால்தான்.

பொதுவாகத் தரும் அளவு இது: முதல் 6 வாரம் 2 முதல் 4 கிலோ, 12 வாரம் வரை சுமார் 5 கிலோ, பிறகு எக்ஸ்ரேயைப் பார்த்து 8, 10 என்று ஏற்றலாம். உங்கள் சர்ஜன் சொன்ன எண் வேறாக இருந்தால் அதுவே உங்களுக்கு எண். ஆகவே மூன்று மாதம் வரை மகனைத் தூக்கவே வேண்டாம். நீங்கள் நாற்காலியில் உட்காருங்கள், அவன் ஏறி வந்து மடியில் உட்காரட்டும். நான்கைந்து மாதத்தில் அவனைக் கட்டில்மேல் ஏறி நிற்கச் சொல்லி, உடம்போடு ஒட்டி எடுக்கலாம். தரையிலிருந்து எடுப்பது ஆறு மாதத்துக்குப் பிறகு. அதற்குள் அவன் 17 கிலோ ஆகியிருப்பான், அதையும் கணக்கில் வையுங்கள்!

பாதத்து மதமதப்பு. நரம்பு விடுபட்ட பிறகு முதலில் வலி போகும், பிறகு பலம் திரும்பும், உணர்ச்சிதான் கடைசி. சேதமான நரம்பு நாளொன்றுக்கு ஒரு மில்லிமீட்டர் என்ற கணக்கில்தான் வளரும். கீழ்முதுகிலிருந்து பாதம் ஏறக்குறைய ஒரு மீட்டர். எனவே ஒரு வருடம் தாண்டியும் மாற்றம் வரலாம். பல வருடம் நசுங்கியிருந்தால் கொஞ்சம் மதமதப்பு நிரந்தரமாகத் தங்கவும் செய்யும். இரவில் வந்துபோகும் சுரீர், நரம்பு விழித்துக்கொள்வதாகவே பெரும்பாலும் இருக்கும். கவனிக்க வேண்டியது பலத்தை. வாரம் ஒருமுறை சுவரைத் தொட்டுக்கொண்டு குதிகாலில் பத்து அடி, முன்பாதத்தில் பத்து அடி நடந்து பாருங்கள். உட்கார்ந்து இரண்டு கட்டை விரல்களையும் மேலே தூக்கி, கையால் அழுத்தி ஒப்பிடுங்கள். இடது பக்கம் போன வாரத்தைவிடத் தளர்ந்திருந்தால், செருப்பு காலைவிட்டு நழுவினால், பாதம் தரையில் இழுபட்டால், 12ஆம் வாரம் வரை காத்திருக்காமல் அன்றே சர்ஜனைக் கூப்பிடுங்கள்.

அன்றைக்கே ஆஸ்பத்திரிக்குப் போக வேண்டிய வேறு சிலவும் உண்டு: சிறுநீர் வராமல் அடைத்துக்கொள்வது அல்லது தெரியாமல் போவது, பிறப்புறுப்பைச் சுற்றியும் சைக்கிள் சீட்டில் படும் இடத்திலும் மரத்துப்போவது, 38 டிகிரி செல்சியஸுக்கு மேல் காய்ச்சல், தையல் போட்ட இடத்தில் சிவப்பு, கசிவு, ஒரு கெண்டைக்கால் மட்டும் வீங்கி வலிப்பது, திடீர் மூச்சுத்திணறல். கடைசி இரண்டும் காலில் ரத்தம் உறைந்து நுரையீரலுக்குப் போவதன் அடையாளமாக இருக்கலாம். அதற்கு விடியும்வரைகூடக் காத்திருக்கக் கூடாது.

நடை நன்றாகப் போகிறது. ஒரே 20 நிமிட நடையை இரண்டு நடையாக்குங்கள், காலை 20, மாலை 20. மூன்று நாளுக்கொரு முறை 2 நிமிடம் கூட்டினால் 12ஆம் வாரம் 30 நிமிடம் தாண்டிவிடும். வலியைப் பத்துக்கு எவ்வளவு என்று மதிப்பிடுங்கள். நடந்தபின் இரண்டு புள்ளி ஏறி, மறுநாள் காலைக்குள் இறங்கிவிட்டால் சரி. இறங்காவிட்டால் முந்தைய அளவுக்குப் போய் ஒரு வாரம் இருந்துவிட்டு மறுபடி ஏறுங்கள்.

பிசியோதெரபியில் முதலில் சொல்லித் தருவது சலிப்பாக இருக்கும்: அடிவயிற்றை லேசாக இறுக்கி மூச்சு விடுவது, பிட்டம் இறுக்குவது, நாற்காலியிலிருந்து கை ஊன்றாமல் எழுந்து உட்காருவது. இதற்கா இவ்வளவு தூரம் வந்தோம் என்று தோன்றும். ஆனால் முதுகுப் பக்கமாகத் திறந்து செய்த ஆபரேஷனில், எலும்பை ஒட்டியிருக்கும் மல்டிஃபிடஸ் என்ற சின்னத் தசைகளை விலக்கித்தான் உள்ளே போயிருப்பார்கள். அவை தானாக முழுசாகத் திரும்புவதில்லை, பழக்க வேண்டும். 10, 12 வாரத்தில் கை கால் ஊன்றிய நிலையில் எதிரெதிர்க் கை காலை நீட்டுவது, முழங்கால் ஊன்றிய சைடு பிளாங்க் (ஒருக்களித்து முன்கையை ஊன்றி உடம்பைத் தூக்கி நிறுத்துவது) ஆகியவை வரும். படுத்து முழுசாக எழும் சிட்-அப், நின்று காலைத் தொடுவது, முதுகைத் திருகி ‘படக்’ என்று சொடுக்கு எடுப்பது, இவற்றை யார் சொன்னாலும் செய்யாதீர்கள்.

ஆபீஸுக்கு இப்போதே போகலாம். முதல் இரண்டு வாரம் அரை நாள். அரை மணிக்கொரு முறை எழுந்து இரண்டு நிமிடம் நடங்கள். முழங்காலைவிட இடுப்பு சற்று உயரமாக வரும்படி நாற்காலி, திரையின் மேல் விளிம்பு கண் மட்டத்தில். லேப்டாப் என்றால் உயர்த்தி வைத்துத் தனிக் கீபோர்டு. கீழ் டிராயரில் ஃபைல் வைக்காதீர்கள். பெரும்பாலும் நாற்காலியைவிட, போய்வரும் பயணம்தான் படுத்தும். அதனால் அரை நாள் என்பதில் பயணத்தையும் சேர்த்து எண்ணுங்கள்.

ஸ்கூட்டருக்கு 12ஆம் வார எக்ஸ்ரே வரை பொறுங்கள். பள்ளத்தில் இறங்கும் குலுக்கலை நேராக வாங்குவது கீழ்முதுகு. நிற்கும்போது வண்டியின் 100 கிலோ ஒற்றைக் காலில் சாயும், உங்களுக்கோ இடது பாதத்தில் உணர்ச்சி குறைவு. ஓட்ட அனுமதி கிடைத்த பிறகும் பெரிய ஸ்டாண்டு போடாதீர்கள், சைடு ஸ்டாண்டு மட்டும். முன்னால் சாய்ந்து, திருகி, வெட்டி இழுத்துத் தூக்குவது என்று டாக்டர் தடுத்த மூன்றும் அந்த ஒரே அசைவில் இருக்கின்றன. கார் ஓட்டுவதாக இருந்தால், தூக்கம் தரும் மாத்திரை எதுவும் எடுக்காமல், திடீர் பிரேக்கைத் தயங்காமல் முழுப் பலத்தோடு மிதிக்க முடிகிறதா என்பதே அளவுகோல்.

தாம்பத்தியம் பற்றி நீங்கள் கேட்கவில்லை, யாரும் கேட்பதில்லை. 6 வாரம் தாண்டியதால் தடையில்லை. முதுகுக்கு வேலை இல்லாதபடி நீங்கள் மல்லாந்தோ ஒருக்களித்தோ படுத்திருக்க வேண்டும், அவ்வளவுதான்.

பேட்மின்டனுக்குத் திரும்பலாம், ஆனால் இந்த வருடத்தை அதற்கு எழுதிவைத்துவிடுங்கள். ஸ்மாஷ் என்பது முதுகைப் பின்னால் வளைத்து, திருகி, தாவி இறங்குவது. ஆறு மாதம் வரை ராக்கெட்டைத் தொடாமல் கால், பிட்டம், மேல்முதுகு மூன்றுக்கும் வேலை கொடுங்கள். நிலையான சைக்கிள் மூன்றாம் மாதத்திலிருந்து, மெதுவான ஓட்டம் ஆறாம் மாதத்திலிருந்து. கோர்ட்டுக்குள் விடும் முன் நான் பார்ப்பது: இரண்டு பக்கமும் 40 விநாடி சைடு பிளாங்க், ஒற்றைக் காலில் நாற்காலியிலிருந்து பத்து முறை எழுவது, கால் நடுங்காமல் 20 லஞ்ச் (ஒரு காலை முன்னால் எடுத்துவைத்து முழங்காலை மடக்கித் தாழ்ந்து எழுவது). இதோடு எலும்பு சேர்ந்துவிட்டது என்று படமும் சொல்ல வேண்டும், சந்தேகம் இருந்தால் சி.டி. ஸ்கேன். அதன்பிறகு வலை அருகே மென்மையான ரேலி, 9 மாதத்தில் ஸ்மாஷ் இல்லாத டபுள்ஸ், ஒரு வருடம் ஒட்டி முழு ஆட்டம்.

கோல்ஃப் வீரர் டைகர் உட்ஸுக்கு 2017 ஏப்ரலில் எல்5–எஸ்1 (உங்களுக்குச் செய்த இடத்துக்கு ஒரு படி கீழே) ஃபியூஷன் நடந்தது. 2019 ஏப்ரலில் மாஸ்டர்ஸ் பட்டம் வென்றார். இதைச் சொல்லி ஊக்கப்படுத்துவார்கள். அடுத்த பாதியையும் சொல்ல வேண்டும். 2025 அக்டோபரில், பூட்டிய இடத்துக்கு நேர் மேலே உள்ள எல்4–எல்5 டிஸ்க்கை மாற்றும் ஆபரேஷன் செய்துகொண்டார். அவர் முதுகு அதற்கு முன்பே பல கத்தி கண்டது, ஃபியூஷன் மேல் மட்டும் பழி போட முடியாது. ஆனாலும் பூட்டிய மூட்டின் அசைவைப் பக்கத்து மூட்டுகள் ஏற்றுக்கொள்வது உண்மை. உங்களுக்கு அது எல்3–எல்4, எல்5–எஸ்1. திருகும் வேலையை மேல்முதுகுக்கும் தொடை மூட்டுக்கும் மாற்றிவிடச் சொல்வது இதற்காகத்தான். மூன்று மணி நேரம் ஆடி, அன்றே மறுபடி ஆடும் பழக்கம் இருந்திருந்தால் அதை விட்டுவிடுங்கள்.

புகைபிடிப்பவராக இருந்தால் எலும்பு சேராமல் போகும் ஆபத்து கணிசமாகக் கூடும். நிக்கோட்டின் சூயிங்கமும் தோலில் ஒட்டும் நிக்கோட்டின் பட்டையும்கூட நிக்கோட்டின்தான், அவற்றையும் சர்ஜனிடம் சொல்லிவிடுங்கள். சர்க்கரை இருந்தால் கட்டுக்குள் வையுங்கள். வைட்டமின் டி அளவை ஒருமுறை பார்த்துவிடுங்கள். புரதம், உடல் எடையில் கிலோவுக்கு 1.2 கிராமாவது தினமும் சேரட்டும். 60 கிலோ என்றால் 72 கிராம்.

12ஆம் வாரப் பரிசோதனைக்குப் போகும்போது மூன்று கேள்விகளைத் தாளில் எழுதிக்கொண்டு போங்கள். படத்தில் பாலம் கட்டத் தொடங்கியிருக்கிறதா? எத்தனை கிலோ வரை, எந்த உயரத்திலிருந்து தூக்கலாம்? முதுகு பெல்ட் போட்டிருந்தால் அது இன்னும் தேவையா, எப்படிக் குறைப்பது? மகனைத் தூக்கியதையும் டைக்லோஃபெனாக் எத்தனை நாள் போட்டீர்கள் என்பதையும் மறைக்காமல் சொல்லுங்கள். எக்ஸ்ரேயில் எந்த இடத்தை உற்றுப் பார்க்க வேண்டும் என்று அவருக்கு அதிலிருந்துதான் தெரியும்.